குதிரைக்குத் தீனி போட்டீர்களா?

மாமாக் கடையில் கார் பிரியர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். எந்த இன்ஜின், எந்த டர்போ, எவ்வளவு பூஸ்ட், எத்தனை குதிரைத்திறன்! “பெட்ரோல் பம்ப் என்ன போட்டிருக்கிறாய்?” என்று கேட்பவரைப் பார்ப்பதுதான் அபூர்வம்.

வானொலியில் மாலை நேரச் சாலை நெரிசலைச் சொல்வது என் வேலை. தீப்பற்றிய காரால் ஒரு தடம் மூடப்பட்டது என்ற தகவலையும் அவ்வப்போது வாசிக்க நேர்கிறது. அதனால் என் தம்பி தன் பழைய புரோட்டோன் வீராவில் டர்போ இன்ஜின் ஏற்றியபோது, என் கண் முதலில் போனது பெட்ரோல் குழாய்கள் பக்கம்தான்.

அவன் தேர்ந்தெடுத்தது நம் நாட்டில் பலரும் விரும்பும் இன்ஜின். மிட்சுபிஷி லான்சர் ஜிஎஸ்ஆர் காரின் 1.8 லிட்டர் 4ஜி93 டர்போ. வீராவே அந்தத் தலைமுறை லான்சரின் அடிப்படையில் உருவானது என்பதால், ஹாஃப்கட் கடையில் வாங்கி வந்தால் அதிக வெட்டு ஒட்டு இல்லாமல் உட்கார்ந்துவிடும். 1.5 லிட்டர் வீராவுக்குச் சுமார் 90 குதிரைத்திறன். இதற்கோ 195!

நிமிடத்துக்கு ஒரு லிட்டர்

இந்த 195 குதிரைகளும் முழு வேகத்தில் ஓட, தோராயக் கணக்கில் மணிக்கு 65 லிட்டர் பெட்ரோல் வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல். பழைய இன்ஜினுக்கு 30 லிட்டருக்குள் போதும். கார்புரேட்டர் வீராவாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதன் பம்ப் தரும் அழுத்தம் ஏறக்குறைய கால் பார். ஊசிமூலம் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கோ சுமார் 3 பார் தேவை.

டர்போ 1 பார் காற்றை உள்ளே தள்ளும்போது, அந்தக் காற்றை எதிர்த்துப் பீய்ச்ச பெட்ரோல் அழுத்தமும் 4 பாருக்கு ஏற வேண்டும். இதைப் பார்த்துக்கொள்வது பிரஷர் ரெகுலேட்டர். ஆனால் அழுத்தம் கூடக் கூட பம்ப் தரும் அளவு குறையும். பெட்ரோல் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் பம்ப் களைத்துப் போகிறது.

தம்பியின் காரில் போர்மேன் இதை அளந்தே காட்டினார். இன்ஜினை நிறுத்தி, ரெகுலேட்டருக்கு 1 பார் காற்றழுத்தம் கொடுத்து, டேங்குக்குத் திரும்பும் குழாயை அளவுக் குவளையில் விட்டு, பம்பை 30 விநாடி ஓடவிட்டார். விழுந்தது 450 மில்லி. அதாவது மணிக்கு 54 லிட்டர். வீட்டு வாசலில் ஐடிலில் நிற்கும்போது அதே கார் பூனை மாதிரி சாதுவாக இருந்தது. குறை தெரிய வேண்டிய இடம் நெடுஞ்சாலை. (இந்தச் சோதனையைப் பட்டறையில்தான் செய்ய வேண்டும், வீட்டில் வேண்டாம்.)

பெட்ரோல் குறைந்தால்

சாதாரண ஓட்டத்தில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல். பூஸ்ட் ஏறும்போது 11 அல்லது 12 பங்குக்கு ஒன்று தேவை. கூடுதல் பெட்ரோல் உள்ளே வெப்பத்தைத் தணிக்கிறது. அது கிடைக்காவிட்டால் நாக்கிங் வரும்; சில விநாடிகளில் பிஸ்டனே உருகிவிடலாம். “ரோன்97 ஊற்றினால் சரியாகிவிடும்” என்று சிலர் சொல்வார்கள். அது நாக்கிங்கைத் தாங்கும் சக்தியைக் கூட்டும். போதாத பெட்ரோலை ஈடுகட்டாது.

எனவே வரிசை இதுதான். முதலில் பம்ப். மணிக்கு 255 லிட்டர் பம்ப் சந்தையில் பிரபலம். போலிகளும் உலவுவதால் நம்பகமான கடையில் வாங்குங்கள். அடுத்தது வயர். முப்பது வயதுக் காரின் மெல்லிய வயரில் மின்னழுத்தம் இறங்கினால் புதுப் பம்பும் சோம்பும். தடித்த வயர், ரிலே, பியூஸ் மூன்றும் வேண்டும். பிறகு ஃபில்டர், ரெகுலேட்டர். பூஸ்டைக் கூட்டும் எண்ணம் இருந்தால் மட்டும் பெரிய இன்ஜெக்டர். அதை மாற்றினால் இசியு டியூனிங் கட்டாயம். இல்லையேல் அளவுக்கு மீறிய பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும்.

பெற்றோர் பார்க்க வேண்டியவை

இது பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுங்கிவிடாதீர்கள். இன்ஜின் போனால் காசோடு போகும், கசிவு அப்படியல்ல. கார்புரேட்டர் காலத்து ரப்பர் குழாய் 3, 4 பார் அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதல்ல. இன்ஜெக்ஷனுக்கான குழாயின் மேலேயே ‘எஸ்ஏஇ 30ஆர்9’ என்று அச்சிட்டிருக்கும். திரும்பிப் படித்துப் பாருங்கள். டேங்குக்குள் மூழ்கியிருக்கும் குழாய்க்கு 30ஆர்10 வேண்டும். துளையிட்ட சாதாரண கிளிப் ரப்பரை வெட்டும். இன்ஜெக்ஷன் கிளிப் கேளுங்கள்.

இன்னொரு கேள்வியும் அவசியம்: இன்ஜின் நின்றால் பம்பும் நிற்குமா? வேலை சுலபமாக முடிய, பம்பைச் சாவியோடு நேரடியாக இணைத்துவிடுவார்கள் சிலர். விபத்தில் குழாய் அறுந்தாலும் அந்தப் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். இசியுதான் அதைக் கட்டுப்படுத்த வேண்டும். காருக்குள் பெட்ரோல் வாடை வந்தால் ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள். “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்பது இதற்கு ஆகாது.

காகித வேலையும் உண்டு. இன்ஜினை மாற்றினால் ஜேபிஜே அனுமதியும் வாகனப் பரிசோதனையும் தேவை. கிரானில் இன்ஜின் எண் மாற வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லியாக வேண்டும்.

தம்பி பெரிய டர்போ வாங்க ஒதுக்கிய பணம் இப்போது பம்பாகவும் குழாயாகவும் டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவே கிடக்கிறது. மாமாக் கடையில் காட்டிப் பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை. அம்மா அந்தக் காரில் முன்னிருக்கையில் உட்காருகிறார். எனக்கு அது போதும். அடுத்த முறை யாராவது குதிரைத்திறனைச் சொன்னால், அந்தக் குதிரைகளுக்குத் தீனி எப்படிப் போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.