உரைகல் காணாத பொன்

உதைபந்தாட்டத்துக்கு 1863ஆம் ஆண்டில் இலண்டனில் விதி வகுத்தவர் ஆங்கிலேயர். ஆட்டத்தை ஈன்ற நாடே அதில் தலைசிறந்தது என்னும் எண்ணம் அந்நாட்டு இரசிகர் நெஞ்சில் வேரூன்றிவிட்டது. வேடிக்கை யாதெனில், அவ்வெண்ணம் நெடுங்காலம் சோதனைக்கு உட்படவேயில்லை. சர்வதேசச் சம்மேளனத்தோடு பிணங்கி 1928இல் விலகிய இங்கிலாந்து, 1930, 1934, 1938 ஆகிய மூன்று உலகக் கிண்ணப் போட்டிகளிலும் கலந்துகொள்ளவில்லை. உரைகல்லில் உரைக்காத பொன்னுக்கு மாற்றுக் கூறுவது எங்ஙனம்?

1950இல் பிரேசிலில் அமெரிக்காவிடம் ஒரு கோலால் தோற்றபோது, அது தற்செயல் என்று தம்மைத் தேற்றிக்கொள்ள இரசிகருக்கு இடமிருந்தது. 1953 நவம்பரில் வெம்பிளி மைதானத்திலேயே ஹங்கேரி 6க்கு 3 என வென்றது. ஹங்கேரியின் நடு முன்னணி வீரர் ஹிடெகுட்டி தமக்குரிய இடத்தில் நில்லாது பின்வாங்கி ஆடினார். அவரைத் தொடர்வதா விடுவதா என்றறியாது இங்கிலாந்தின் பின்வரிசையினர் திகைத்து நிற்க, அவர் மூன்று கோல்களைப் போட்டார். தோல்விக்குக் காரணம் ஊழன்று. பிறர் கற்ற வித்தையைத் தாம் கல்லாமையே.

எனினும் 1966இல் சொந்த மண்ணில் வென்ற கிண்ணம் பழைய நம்பிக்கைக்கு உயிரூட்டியது. அதன்பின் 2022 வரை ஆடவர் அணிக்கு உலகக் கிண்ணம் வாய்க்கவில்லை, எதிர்பார்ப்போ குறையவில்லை. அதன் சுமை ஆட்டக்காரர் தோளிலேயே விழுகிறது. 2021இல் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில், இத்தாலிக்கெதிராகத் தண்ட உதைகளைத் தவறவிட்ட மூன்று கறுப்பின இளைஞர், நிறத்தைச் சுட்டிய இழிமொழிகளுக்கு ஆளாயினர். அவர்களுள் இளையவருக்கு அன்று வயது 19.