களர் நிலத்துக்குக் கரி போடலாமா?

ஒரு கரித்துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், ஒட்டிக்கொள்ளும். கரிக்குள் இருக்கும் நுண்துளைகள் எச்சிலை உறிஞ்சி இழுப்பதால் வரும் ஒட்டல் அது. விறகு காற்றுப் பட்டு எரிந்தால் சாம்பல். மூட்டத்துக்குள் காற்றில்லாமல் வெந்தால் கரி. அந்தக் கரியை அடுப்புக்குப் பதில் வயலுக்குக் கொண்டுபோனால் அதற்கு உயிர்க்கரி என்று பெயர். போட்டால் விளைச்சல் கூடுமா என்று கேட்கிறார்கள். எந்த மண்ணில் என்று கேட்டுக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும்.

கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டை எடுத்துக்கொள்வோம். மலையில் பெய்யும் மழை, மண்ணில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தையும் சாம்பல் சத்தையும் கழுவிக் கீழே கொண்டுபோய்விடும். மிஞ்சுவது அமிலத் தன்மையுள்ள செம்மண். சாமையும் கேழ்வரகும் விளைந்த காடுகள் பலவற்றில் இப்போது குச்சிக்கிழங்கு நிற்கிறது. கிழங்கு லாரி ஏறிச் சேகோ ஆலைக்குப் போகிறது. பதிலுக்கு உர மூட்டை மலையேறுகிறது. யூரியாவை மண்ணின் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலமும் சேர்ந்தே உருவாகிறது. வருடா வருடம் போட்டால், அமில மண் மேலும் அமிலமாகும். கரியில் ஒட்டியிருக்கும் சாம்பல் காரத் தன்மை கொண்டது. இந்த அமிலத்தை அது தணிக்கும். உலகெங்கும் நடந்த சோதனைகளை ஒன்றுசேர்த்து 2017இல் வெளிவந்த ஆய்வில், கரியால் வெப்பமண்டல நிலங்களில் விளைச்சல் சராசரியாக 25 சதவீதம் கூடியிருந்தது. குளிர்நாடுகளில் பலன் இல்லை. வெப்பமண்டல மண் பெரும்பாலும் அமிலமாகவும் சத்துக் குறைந்தும் இருப்பதே இதற்குக் காரணம்.

மலையிறங்கினால் கதை மாறுகிறது. சமவெளியில் வெயில் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு உப்பை விட்டுவிடுகிறது. நம் விவசாயிகள் இந்த உப்பு மண்ணை இரண்டாகப் பிரித்துத்தான் பேசுவார்கள். மேலே வெள்ளையாகப் பூத்தால் உவர். சோடியம் ஏறி, மழை பெய்தால் சேறாகக் குழம்பி, காய்ந்தால் பாறையாக இறுகினால் களர். தமிழ்நாட்டில் உப்பால் கெட்ட நிலம் சுமார் 3.68 லட்சம் ஹெக்டேர், பெரும்பகுதி களர். திருச்சி வேளாண் கல்லூரி இருப்பதே அப்படிப்பட்ட மண்ணில்தான். களரைத் தாங்கும் திருச்சி 1, திருச்சி 3 நெல் ரகங்கள் அங்கிருந்து வந்தவை.

களரில் யூரியா என்ன ஆகிறது என்று பார்க்க, ஒரு டப்பாவில் ஈரக் களர் மண்ணை எடுத்துக் கொஞ்சம் யூரியா கலந்து மூடிவைத்து, இரண்டு நாள் கழித்துத் திறந்தால் மூக்கைத் துளைக்கும் நெடி வரும். அதுதான் அம்மோனியா, காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து. மண்ணின் பி.எச். 9.25ஐத் தொட்டால் கரைசலில் உள்ள அம்மோனியத்தில் பாதி, வாயுவாகப் பறக்கக்கூடிய அம்மோனியாவாகிவிடும். தப்பிய மீதிக்காக இரண்டு கூட்டம் நுண்ணுயிர்கள் காத்திருக்கின்றன. முதல் கூட்டம் அதை நைட்ரைட் ஆக்கும். இரண்டாவது கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் வேலையைச் செய்வது பாக்டீரியா மட்டும்தான் என்று ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நம்பியிருந்தோம். 2005இல்தான் ஆர்க்கியா என்னும் வேறொரு உயிரினமும் அதைச் செய்வது தெரியவந்தது. உரம் அள்ளிப் போட்ட வயலில் பாக்டீரியா பெருகும். சத்துக் குறைந்த அமில மண்ணில் ஆர்க்கியாவின் கை ஓங்கும்.

மாங்காயில் உப்புப் போட்டால் நீர் விட்டுக்கொள்வதுபோல, உவர் மண்ணில் இந்த உயிர்களின் உடலிலிருந்தும் நீர் வெளியேறுகிறது. இரண்டாவது கூட்டம்தான் சீக்கிரம் சுருண்டுவிடும். நைட்ரைட் தேங்கும். வயலில் தண்ணீர் நின்று காற்றுப் புகாதபோது நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கி வாழும் இன்னொரு வகை உண்டு. கடைசிப் படியில் அது தீங்கில்லாத நைட்ரஜன் வாயுவை விட வேண்டும். உப்பு அந்தப் படியை முடக்கினால் பாதியிலேயே நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறும். பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப்போல 273 மடங்கு வலியது.

இங்கே கரி என்ன செய்யும்? அம்மோனியத்தைப் பிடித்துவைத்து, நுண்ணுயிர்களுக்குத் துளைகளில் இடம் கொடுக்கும். நைட்ரஸ் ஆக்சைடு குறைந்ததாகப் பல சோதனைகள் சொல்கின்றன. ஆனால் மலையில் மருந்தான அதே சாம்பல், களரில் காரத்தை இன்னும் ஏற்றிவிடக்கூடும். யூரியாவின் தழைச்சத்து அம்மோனியாவாக மேலும் பறந்துபோகும். அதிக வெப்பத்தில் சுட்ட கரிக்குக் காரத்தை ஏற்றும் இந்தக் குணம் அதிகம். நீர் வடியும் உவர் நிலத்தில் கரியை முயன்று பார்க்கலாம் என்பேன். களரில் ஜிப்சம் போட்டு, தண்ணீர் கட்டி வடித்து, தக்கைப்பூண்டை மடக்கி உழுத பிறகுதான் கரியைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் மண் பரிசோதனைச் சீட்டில் பி.எச். இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, தொழுவுரத்தில் ஊறிய கரியை ஒரு பாத்தியில் மட்டும் போட்டுப் பார்க்கலாம். யூரியாவைப் பிரித்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

திண்ணனூர் நாட்டில் கிழங்கு பிடுங்கியதும் வரப்போரம் குவியும் குச்சியை அங்கேயே கரியாக்கி, சாணத்தோடு கலந்து அந்தக் காட்டுக்கே திருப்பிப் போடலாம். அதை லாரியில் ஏற்றிக் கீழே களருக்குக் கொண்டுவர வேண்டியதில்லை.