மேசைக்கு அடியில் குனிந்து பாருங்கள்

பழம்பொருள் பாதை – 14

இத்தாலியின் தஸ்கனி மாநிலத்தில் அரெத்ஸோ என்று ஓர் ஊர். இவான் புரூஸ்கி என்ற பழம்பொருள் வணிகர் 1968-இல் அங்கே தொடங்கிவைத்த சந்தை இன்றும் நடக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறும் அதற்கு முந்தைய சனியும் சந்தை நாள்கள். ஊர் நடுவே சரிந்து கிடக்கும் பெரிய சதுக்கத்திலும் சுற்றுத் தெருக்களிலும் பெட்டி, அலமாரி, நாற்காலி என்று பரப்பி வைத்திருப்பார்கள். நடுவே வால்நட் மரத்தில் செய்த நீண்ட மேசை ஒன்று நின்றால், கடைக்காரர் அதை 'ஃப்ராத்தீனோ' என்பார்.

'ஃப்ராத்தே' என்றால் துறவி. மடத்து உணவுக்கூடத்து மேசை என்பதால் வந்த பெயர். நீளப் பலகை, இரு முனைகளிலும் அகலமாகச் செதுக்கிய கால்கள், இரண்டையும் இழுத்துப் பிடிக்க நீளவாட்டில் ஒரு சட்டம், இறுக்குவதற்கு ஆப்பு. அவ்வளவுதான் மேசை. துறவிகள் சுவரோரமாக ஒரே பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மிலான் நகரில் லியனார்டோ டா வின்சி தீட்டிய கடைசி இராவுணவு ஓவியம் இருப்பதும் ஒரு மடத்து உணவுக்கூடத்துச் சுவரில்தான். இயேசுவும் சீடர்களும் அதில் ஒரே பக்கமாக அமர்ந்திருப்பது, எதிரே உண்டுகொண்டிருந்த துறவிகளுக்கு விநோதமாகத் தோன்றியிருக்காது.

மடத்து மேசை கடைக்கு எப்படி வந்தது? 1866-இல் புதிய இத்தாலிய அரசு துறவற சபைகளைக் கலைத்துச் சட்டம் போட்டது. மறு ஆண்டே திருச்சபைச் சொத்துகளை விற்பதற்கு இன்னொரு சட்டம் வந்தது. நூற்றாண்டுகளாக அசையாமல் கிடந்த மரச்சாமான்கள் இப்படி வெளியே வந்தன. ஃபுளோரன்ஸ் வணிகர் ஸ்டெஃபானோ பர்தினி போன்றவர்கள் வளர்ந்த காலம் அது.

பர்தினியிடம் தொழில் பழகிய எலியா வோல்பி ஒருபடி மேலே போனார். 1904-இல் ஃபுளோரன்ஸில் தவன்ஸாத்தி மாளிகையை வாங்கிப் பழுதுபார்த்தார். பழைய மேசை, கட்டில், பெட்டிகளால் அறைகளை நிரப்பி, 1910-இல் பழங்கால ஃபுளோரன்ஸ் வீடு இப்படித்தான் இருந்தது என்று காட்சிக்குத் திறந்துவிட்டார். 1916-இல், உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அந்தச் சாமான்களை நியூயார்க்கில் ஏலம் விட்டார். அமெரிக்கச் செல்வந்தர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். கேட்பவர் பெருகினால் பழமைக்கும் தட்டுப்பாடு வரும். ஃபுளோரன்ஸ், சியனா பட்டறைகள் உளுத்த பழைய மரத்தைத் தேடியெடுத்து, மறுமலர்ச்சிக் கால மேசைகளைப் 'புதிதாக' உருவாக்கின. அவற்றுக்கே இன்று நூறு வயது. ஆகவே பழசு போலத் தெரிகிறது என்பதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது.

விவரம் தெரிந்தவர் மேற்பலகையைத் தடவிப் பார்த்து நின்றுவிட மாட்டார். குனிவார், முழங்காலிடுவார், மேசைக்கு அடியில் விளக்கடிப்பார். அடிப்பக்கத்தை அழகுபடுத்த அந்தக் காலத்துத் தச்சர் மெனக்கெடவில்லை. கையிழைப்புளி ஓடிய அலை விரலுக்குத் தட்டுப்படும். கைவாள் அறுத்த கோடுகள் நேராகவும் ஒழுங்கற்றும் இருக்கும். வில் போல வளைந்த கோடுகள் தென்பட்டால் அது வட்டரம்பத்தின் வேலை. அந்த மேசையை 17-ஆம் நூற்றாண்டு என்று சொன்னால் நம்பாதீர்கள்.

மரம் அகலவாட்டில்தான் சுருங்கும், நீளவாட்டில் சுருங்குவது மிகக் குறைவு. பலகையின் முனையில் குறுக்காக அடித்த சட்டம் அப்படியே இருக்க, பலகை மட்டும் உள்வாங்கிவிடும். சட்டத்தின் நுனி சில மில்லிமீட்டர் வெளியே துருத்தும். மூட்டில் அடித்த மர ஆணியும் சற்றுத் தலைநீட்டும். இந்தத் துருத்தலைக் காலம் மெதுவாகச் செய்கிறது. எல்லா விளிம்பும் இழைத்தாற்போல ஒன்றாக நின்றால் எனக்கு அச்சம்தான் வரும்.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி உளுவண்டு. அதன் புழு ஆண்டுக்கணக்கில் மரத்துக்குள் வளைந்து வளைந்து தின்றுகொண்டே போகும். வண்டாகி வெளியேறும்போதுதான் மேற்பரப்பில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டத் துளை விழும். ஆகவே மேற்பரப்பில் தெரிய வேண்டியது துளை மட்டுமே. துளைக்குப் பதில், பாதியாகப் பிளந்த வாய்க்கால் போலப் புழுவின் பாதையே மேலே திறந்து கிடந்தால்? புழு தின்ற பிறகு அந்த மரத்தை யாரோ அறுத்திருக்கிறார்கள், அல்லது ஆழமாக இழைத்திருக்கிறார்கள். மரம் பழையது, மேசை பழையதல்ல என்பதை அந்தச் சின்னப் புழு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

மேலே மின்னும் பளபளப்பையும் விசாரியுங்கள். எண்ணெயும் மெழுகும் தேய்த்த பழைய மேசைகளில் 19-ஆம் நூற்றாண்டில் அரக்கு மெருகு ஏறியது. அரக்குப் பூச்சியிடமிருந்து அதை எடுத்துக் கப்பலேற்றிய முக்கிய நாடு இந்தியா.

இவ்வளவு சொன்னதால், பழுதுபார்த்த மேசையே கூடாது என்று நினைத்துவிட வேண்டாம். ஈரக் கல்தரையில் நின்ற கால் அடியிலிருந்து அழுகும். தச்சர் புதுத் துண்டு வைப்பார். பயன்பட்ட மேசைக்கு அது இயல்பு, அதில் குறையேதும் இல்லை. அதை மறைத்து விற்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வாங்கி ஊருக்குக் கொண்டுவர நினைத்தால் இன்னொன்றும் உண்டு. எழுபது ஆண்டுக்கு மேற்பட்டு, 13,500 யூரோவுக்கு மேல் மதிப்புள்ள பொருள் என்றால் இத்தாலிய ஏற்றுமதி அலுவலகத்தின் அனுமதி வேண்டும். நாட்டைவிட்டுப் போகக் கூடாத பொருள் என்று பட்டால் மறுத்துவிடுவார்கள். 2004-ஆம் ஆண்டுப் பண்பாட்டுச் சொத்துச் சட்டப்படி, பழம்பொருள் வணிகர் அது எக்காலத்தது, எங்கிருந்து வந்தது என்று தனக்குத் தெரிந்ததை எழுதித் தர வேண்டும். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். 'பலகை 17-ஆம் நூற்றாண்டு, கால்கள் பிற்காலத்தில் மாற்றியவை' என்று எழுதிக் கையெழுத்திடும் கடைக்காரரிடம் நான் பேரம் பேச மாட்டேன்.

(தொடரும்)