முதியோர் நிலையம் கட்டப் போகிறீர்களா? அத்திவாரத்துக்கு முன்னர் அனுமதி

பள்ளிவாசலும் மத்ரஸாவும் கட்டிக் கொடுத்த எமது தனவந்தர்களின் பார்வை இப்போது முதியோரின் பக்கமும் திரும்பியிருப்பது மகிழ்ச்சிக்குரிய விடயம். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டு மக்களில் 12.4 வீதமானோர் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். பிள்ளைகள் கட்டாரிலும் கொழும்பிலும் இருக்க, வாப்பாவும் உம்மாவும் ஊரில் தனித்திருக்கும் வீடுகள் எந்த ஊரிலும் உண்டு. பகலில் வந்திருந்து பேசவும், ஓதவும், பிரஷர் பார்த்துக் கொள்ளவும், ஒரு நேரச் சாப்பாடு சாப்பிடவும் ஓர் இடம் வேண்டும் என்று வர்த்தக சங்கங்களும் ஜமாஅத்துகளும் யோசிப்பது காலத்தின் தேவை.

ஆனால் என்னிடம் ஆலோசனை கேட்டு வருபவர்களில் பெரும்பாலானோர் முதலில் கேட்பது, "சதுர அடிக்கு எவ்வளவு முடியும்?" என்பதுதான். அதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: "இந்தக் காணியில் இதைக் கட்ட விடுவார்களா?" நான் அறிந்த ஓர் ஊரில், பெயர் வேண்டாம், இந்தக் கேள்வியைக் கேட்காமலே லின்டல் மட்டம் வரை சுவர் எழுப்பிவிட்டார்கள். வீதிக்குரிய கட்டடக் கோட்டுக்குள் முன்சுவர் நின்றது. வேலை நிறுத்தப்பட்டு, ஊரார் தந்த ஸதகாப் பணம் செங்கல்லாக மழையில் நனைந்து கொண்டிருக்கிறது.

எந்தச் சட்டம் உங்களுக்குரியது?

நகர அபிவிருத்தி அதிகார சபைப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களில் 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டம் செல்லும். அங்கு அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் இல்லாமல் எந்த அபிவிருத்தி வேலையும் செய்ய முடியாது. ஏனைய இடங்களில் 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உள்ளூராட்சி மன்றம் பிளானை அங்கீகரிக்கும். இரண்டிலும் நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் உங்கள் மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபைதான். பெரிய கட்டடங்கள் அங்கிருந்து அதிகார சபைக்குப் போகும்.

இங்கே வியாபாரிகள் தவறவிடும் ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும். 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தில் "அபிவிருத்தி வேலை" என்பது புதிதாகக் கட்டுவது மட்டுமல்ல. காணியையோ கட்டடத்தையோ பயன்படுத்தும் நோக்கத்தை மாற்றுவதும் அதற்குள் அடங்கும். "புதிதாக ஒன்றும் கட்டவில்லையே, என் பழைய களஞ்சியத்தைத்தானே பெயின்ட் அடித்துக் கொடுக்கிறேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. களஞ்சியம் முதியோர் நிலையமாவதற்கும் அனுமதி வேண்டும்.

அனுமதியில்லாமல் செய்தால், முதலில் எழுத்து மூல அறிவித்தல் வரும். அதற்கு இணங்காவிட்டால் விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். உடைத்து அகற்றும் கட்டளை வரையில் அது போகலாம்.

காணி யாருடையது, எங்கே இருக்கிறது?

"இன்ன ஹாஜியார் காணி தருவதாக வாக்களித்துவிட்டார்" என்ற சொல்லை நம்பி வேலை தொடங்கக் கூடாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிஸ் முன் எழுதிய உறுதி இல்லாமல் காணி கைமாறாது. ஹாஜியார் மௌத்தான பின்னர் வாரிசுகள் வந்து கேட்டால் உங்களிடம் ஒன்றும் இருக்காது. பள்ளிவாசலின் வக்பு காணி என்றால், விற்பது, ஈடு வைப்பது, நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுப்பது போன்றவற்றுக்கு 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வக்பு சபையின் அனுமதி தேவை. நம்பிக்கையாளர் சபையின் தீர்மானத்தோடு நின்றுவிடாமல், முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தில் விசாரித்து எழுத்தில் பெற்றுக் கொள்ளுங்கள்.

அடுத்தது இடம். பேருவளை, காத்தான்குடி, கல்முனை போன்ற கரையோர ஊர்களில் கடலின் சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றருக்குள் காணி இருந்தால், 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். மாவனல்லை, அக்குறணை போன்ற மலைப்பாங்கான ஊர்களில் மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கேட்கப்படும். 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்து ஊர்கள் புதைந்ததைக் கண்ட பின்னர் அதை வீண் அலைச்சல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வயற்காணியாக இருந்தால், 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியின்றி நிரப்ப முடியாது. மலிவாகக் கிடைக்கும் காணி பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் மாட்டிக் கொள்ளும்.

விண்ணப்பம் எப்படி நகரும்?

காணி வாங்குவதற்கு முன்னரே ஆரம்பத் திட்டமிடல் அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். அந்த வலயத்தில் இந்த நோக்கம் அனுமதிக்கப்படுமா, வீதியிலிருந்து எவ்வளவு விட வேண்டும், எத்தனை மாடி என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். பிறகுதான் கட்டட வரைஞருக்கும் பொறியியலாளருக்கும் பணம் கொடுங்கள்.

உறுதி, நில அளவை வரைபடம், கட்டடப் பிளான், வீதிக் கோடு, கட்டடக் கோடு பற்றிய சான்றிதழ்கள், மதிப்பீட்டு வரி கட்டிய பற்றுச்சீட்டு ஆகியவற்றோடு விண்ணப்பம் கொடுத்தால், தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் இடத்தைப் பார்ப்பார்கள். பிறகு திட்டமிடல் குழு முடிவு செய்யும். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரம், மழைநீர் வடிகால், வாகனத் தரிப்பிடம் ஆகிய மூன்றில்தான் விண்ணப்பங்கள் அதிகம் திரும்பி வருகின்றன.

கட்டி முடித்ததும் வேலை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். அங்கீகரித்த பிளானின்படிதான் கட்டியிருக்கிறீர்கள் என்று இணக்கச் சான்றிதழ் பெற்ற பின்னரே கட்டடத்தைப் பாவிக்கலாம். நடுவில் ஓர் அறையைக் கூட்டியிருந்தால் அங்கேதான் பிடிபடுவீர்கள்.

"கீழே கடை, மேலே முதியோர்"

வியாபாரிகளின் மூளையில் உடனே உதிக்கும் திட்டம் இதுதான். வீதியோரமாக நான்கு கடை கட்டி, வாடகையில் நிலையத்தை நடத்துவது. நிரந்தர வருமானம் என்ற நோக்கம் சரியானதுதான். ஆனால் கடை சேர்ந்தவுடன் அது வர்த்தகக் கட்டடமாகிறது. வாகனத் தரிப்பிடம் கூடுதலாக வேண்டும், தீப்பாதுகாப்பு நிபந்தனைகள் கூடும், மதிப்பீட்டு வரியும் கூடும். அதைவிட முக்கியமானது, முழங்கால் வலியோடு வரும் எழுபது வயது உம்மா எப்படி மாடி ஏறுவார்? லிஃப்ட் போட்டால் அதன் பராமரிப்புச் செலவு கடை வாடகையில் ஒரு பகுதியைத் தின்றுவிடும்.

எனது ஆலோசனை, முதியோர் கீழ்த்தளத்திலேயே இருக்கட்டும். கடைகள் வேண்டுமென்றால் முன்பக்கத்தில் தனிக் கட்டடமாக, தனி வாசலோடு இருக்கட்டும்.

பொதுக் கட்டடங்களை வலது குறைந்தோரும் அணுகக் கூடியதாக அமைக்க வேண்டும் என்று 2006 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் வந்தன. சாய்தளத்தின் சரிவு 12க்கு 1 என்பது பொதுவான அளவு. நிலமட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தளம் போட்டால், 18 அடி நீளச் சாய்தளம் தேவை. பிளான் வரையும்போதே அந்த இடத்தை ஒதுக்காவிட்டால், பிறகு வீதிக்குள்தான் இறங்க வேண்டிவரும்.

கட்டடத்தோடு முடியாத அனுமதி

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், ஐந்து முதியோருக்கு மேல் தங்கவைத்தோ, தங்காமலோ பராமரிப்புச் சேவை செய்யும் நிறுவனம் பதிவு செய்யப்பட வேண்டும். உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரித்தால் முதியோருக்கான தேசிய செயலகத்தின் வழிமுறைகளைச் சொல்வார்கள். யாருடைய பெயரில் பதிவது என்ற கேள்வியை முன்கூட்டியே தீர்த்துக் கொள்ளுங்கள். தனிநபர் பெயரில் ஒருபோதும் வேண்டாம்.

முறையாகப் பதிந்தால் பலனும் உண்டு. மின்சாரக் கட்டணத்தில் மத, தர்ம நிறுவனங்களுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட தர்ம நிறுவனமானால், நன்கொடை தரும் வியாபாரிக்கு வருமான வரியில் குறிப்பிட்ட எல்லை வரை கழிவும் கிடைக்கும். உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள்.

அயலவரிடம் மறைக்காதீர்கள்

கடைசியாக, மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். முஸ்லிம்கள் ஒரு மண்டபம் கட்டினாலே "பள்ளிவாசல் எழுப்புகிறார்கள்" என்று சந்தேகிக்கும் நிலை பல ஊர்களில் ஏற்பட்டது. புதிய வணக்கத்தலங்கள் பற்றி 2008 இல் மத விவகார அமைச்சின் சுற்றறிக்கை வந்த பிறகு இது இன்னும் கூடியது. ஆகவே பிளானில் இருப்பது முதியோர் பகல்நேர நிலையம் என்றால், அது அப்படியே இருக்கட்டும். தொழுவதற்கு ஓர் அறை வேண்டுமென்றால் அதையும் பிளானில் வெளிப்படையாகக் காட்டுங்கள். ஒன்றுக்கு அனுமதி எடுத்து வேறொன்றைக் கட்டுவது சட்டத்துக்கும் ஆகாது, அமானிதத்துக்கும் ஆகாது. அடுத்த வீட்டுச் சிங்கள முதியவரும் பிரஷர் பார்க்க வரலாம் என்று சொல்லுங்கள். எதிர்ப்புக் கடிதம் எழுத இருந்தவரே உங்களுக்குச் சாட்சியாக வருவார்.

கடையில் சரக்கு இறக்க முன்னர் பில்லைச் சரிபார்க்கும் நாம், ஊர்ப் பணத்தில் கல் வைக்க முன்னர் அனுமதிப்பத்திரத்தைப் பார்க்கக் கூடாதா? ஆறு மாதம் தாமதமானாலும் பரவாயில்லை. ஸதகா ஜாரியாவாக நிலைக்க வேண்டிய கட்டடம் சட்டத்தின் முன்னும் நிலைத்து நிற்க வேண்டும். அல்லாஹ் இந்த முயற்சிகளைப் பொருந்திக் கொள்வானாக.