வண்டிக் குளிரூட்டியும் வீட்டுக் கைவேலையும்

மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியர் என்ற முறையில் யாம் இலக்கியம் பற்றியே எழுதுவோம் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். ஆயின் நம் பழைய மாணவர் பலர் இன்று காரும் வானும் வைத்திருக்கின்றனர். அவற்றின் குளிரூட்டியைத் தாமே கழற்றிப் பார்க்கும் துணிவும் உடையர். அத்தகைய துணிவால் யாம் ஒருமுறை இரண்டு மாதச் சம்பளத்தை இழந்தோம். ஆதலின் வீட்டில் எதனை மாற்றலாம், எதனைத் தொடலாகாது என்பதை ஈண்டு விளக்கப் புகுந்தோம்.

குளிரூட்டி குளிரை உண்டாக்குவதில்லை; வண்டியின் உள்ளிருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகின்றது. கையில் தடவிய ஸ்பிரிற்று ஆவியாகும்போது தோல் குளிர்கின்றதன்றோ? இங்கும் அதே விதிதான். கராஜில் கொம்பிறசர் எனப்படும் அமுக்கி, ஆவியை அமுக்கிச் சூடேற்றி வண்டியின் முகப்பிலுள்ள ஒடுக்கிக்கு அனுப்பும். அங்கே காற்றுப்பட்டு வெப்பம் இழந்து ஆவி திரவமாகும். உலர்த்திக் குப்பி அதிலுள்ள ஈரத்தை உறிஞ்ச, திரவம் நுண்துளை வால்வினூடாக ஆவியாக்கியினுட் புகும். அங்கு அமுக்கம் குறைதலால் மீண்டும் ஆவியாகி, உள்ளிருக்கும் வெப்பத்தைக் கவர்ந்துகொண்டு அமுக்கிக்குத் திரும்பும். நம் வீதிகளில் ஓடும் கார்கள் பலவற்றில் உள்ள ஆர் 134ஏ என்னும் வாயு, சாதாரண அமுக்கத்திற் பூச்சியத்துக்குக் கீழ் 26 பாகையிலேயே கொதித்துவிடும்.

சவளக்கடையில் வண்டி வைத்திருப்போர்க்கு ஓர் இடர் உண்டு. சுற்றிலும் வயல்கள். அறுவடைக் காலத்தில் இயந்திரங்கள் கிளப்பும் தூசியும் பதரும் ஒடுக்கியின் தகட்டிடுக்குகளில் அப்பிக்கொள்ளும். கச்சான் வீசும் நாளில் கேட்கவே வேண்டா. கல்முனைக் கரையோரத்தார்க்கோ உப்புக்காற்று. அது அலுமினியத்தை அரிக்கும். ‘காஸ் குறைந்துவிட்டது’ என்று கராஜுக்குப் போகும் வண்டிகளிற் சிலவற்றுக்கு வேண்டியது காஸ் அன்று, ஒரு வாளித் தண்ணீரே. எஞ்சின் ஆறிய பின்னர், மெல்லிய தகடுகள் மடியாதவாறு மென்மையாக நீர் பாய்ச்சிக் கழுவுக.

காற்றின் வேகம் குறைந்தாற் காற்று வடியைப் பார்க்க. சப்பானிய வண்டிகள் பலவற்றில் அது முன்னிருக்கைக்கு எதிரேயுள்ள சிறு பெட்டியின் பின்னால் இருக்கும்; பெட்டியைக் கழற்றினால் ஆணிச்சாவியின் உதவியும் இன்றி மாற்றிவிடலாம். விசிறி உச்ச வேகத்தில் மட்டும் சுழன்று மற்றை வேகங்களில் நின்றுபோனால், பெரும்பாலும் அதன் தடையி எரிந்திருக்கும். முன்னிருக்கையின் காலடி ஈரமானால், ஆவியாக்கியின் நீர் வடியும் குழாயைத் தூசி அடைத்திருக்கலாம். வண்டி ஓடும்போது குளிர்ந்து, கல்முனைச் சந்தையடி நெரிசலில் நிற்கும்போது குளிர் குன்றினால், ஒடுக்கியின் விசிறியை நோக்குக. பியூஸ், ரிலே, பெல்ற் ஆகியவையும் வீட்டு வேலைக்குள் அடங்குவனவே. மின்பகுதிகளைத் தொடுமுன் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிடல் வேண்டும்.

இவற்றுள் ஒன்றும் வாயு ஓடும் குழாயைத் திறப்பதன்று. யாம் பிழைத்த இடம் அங்கேதான்.

எமது பழைய வானின் ஒடுக்கி கசிந்தது. பட்டினத்தில் பழைய ஒடுக்கி ஒன்றை வாங்கி வந்து, ஒரு மார்கழி விடுமுறையில் யாமே மாற்றினோம். வாயு முற்றும் போயிருக்கும் என நம்பி இணைப்பைத் தளர்த்தினோம். எஞ்சியிருந்தது சீறி வந்து இரு விரல்நுனிகளைச் சுட்டதுபோல் வெளுக்கச் செய்தது. கண்ணிற் படாதது எம் நல்லூழ். பழைய இறப்பர் வளையங்களையே மீளப் பூட்டினோம். மழையிருட்டில் வேலை நின்றமையால் குழாய்கள் இரண்டு நாள் வாய் திறந்தே கிடந்தன. பின்னர் டின்னில் வாங்கிய வாயுவை ஏற்றினோம். வண்டி நன்றாகக் குளிர்ந்தது. வீட்டார் வியந்தனர், யாமும் சற்றுச் செருக்குற்றோம். மூன்றாம் மாதம் அமுக்கி இறுகி நின்றது.

காரணத்தைப் பின்னரே அறிந்தோம். அமுக்கிக்கு உயவிடும் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை விரைந்து பருகுவது. அவ்வீரம் வால்வின் நுண்துளையிற் பனிக்கட்டியாகி அடைக்கும். எண்ணெயோடும் வாயுவோடும் சேர்ந்து அமிலமாகி உலோகத்தைத் தின்னும். அதனாலேயே குழாய் திறக்கப்படும் போதெல்லாம் உலர்த்திக் குப்பியை மாற்றி, வெற்றிடப் பம்பியால் அரைமணிக்குக் குறையாது உள்ளிருப்பதை இழுத்தெடுக்கின்றனர். நுவரெலியாவில் நீர் 100 பாகைக்கு முன்னரே கொதிப்பதை விஞ்ஞான வகுப்பிற் கற்றிருப்பீர்கள். அமுக்கம் மேலும் மேலும் தாழ, நீர் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகி வெளியேறிவிடும். இப்பம்பியும் அமுக்கமானிகளும் வீட்டிற் கிடைப்பன அல்ல.

எஞ்சிய வாயுவைக் காற்றில் விடுதல் பிறர்க்கும் தீங்காகும். முன்னர் வண்டிகளில் இருந்த ஆர் 12 வாயு ஓசோன் படலத்தைச் சிதைத்தமையால், 1987இல் மொன்றியல் உடன்படிக்கை எழுந்தது. இலங்கை 1989இல் அதிற் சேர்ந்தது. அதனிடத்தைப் பிடித்த ஆர் 134ஏ ஓசோனைத் தொடாது. ஆயின் நூறாண்டுக் கணக்கிற் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 1,400 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அரைக் கிலோவைத் திறந்துவிட்டால் 700 கிலோ கரியமில வாயுவை விட்டதற்கு ஒப்பாம். இதனைப் படிப்படியாகக் குறைப்பதற்கு 2016இல் கிகாலியில் உடன்பாடு கண்டனர்; இலங்கை 2018இல் அதனை ஏற்றது. ஆகவே வாயுவை உறிஞ்சிச் சேர்க்கும் பொறியுள்ள கராஜையே நாடுக. மலிவென்று சமையல் வாயுவை ஏற்ற முன்வருவோர் சிலர் உளர். அது குளிரும்தான், ஆனால் கசிந்தால், மூடிய வண்டிக்குள் ஒரு பொறியே போதும்.

ஹைபிரிட் கார் உடையோர்க்கு ஒரு சொல். அவற்றுட் பலவற்றின் அமுக்கியைச் சுழற்றுவது எஞ்சினன்று, உயர் மின்னழுத்தம். பிரியஸ் போன்ற வண்டிகளில் அதன் மின்கலமே 200 வோல்ற்றளவினது. செம்மஞ்சள் நிறக் கம்பிகளைத் தொடாதீர்கள். மின்காப்பைக் கெடுக்காத தனி எண்ணெயே அதற்கு உரியது; சாதாரண எண்ணெய் சிறிது கலந்தாலும் கேடு.

எந்த வண்டியாயினும், பொனற்றைத் திறந்தால் உட்புறத்தே சிறு ஒட்டுத்தாள் ஒன்று காணப்படும். வாயுவின் பெயரும் அளவும் அதில் உள. கடற்காற்றில் அது அழியுமுன்னர் ஒரு கொப்பியிற் பெயர்த்தெழுதி வைத்துக்கொள்க. கராஜ் பாஸ் முதலிற் கேட்பது அதனையே.