கண்ணாடி தெளிந்தால் பாதை தெரியும்

நோட்டன் பிரிட்ஜ் பக்கம் மழையும் மூடுபனியும் சேர்ந்துவிட்டால் வானின் முன்கண்ணாடி உட்புறம் மங்கிவிடும். இடம்பெயர்ந்து வந்து, மரக்கறி ஏற்றிப் பிழைக்கும் எமக்கு இது உயிர்ப் பிரச்சினை. இரவில் நோயாளியை ஏற்றிக்கொண்டு, ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்தபடி வளைவு திருப்ப முடியுமா?

ஹீற்றர் பழுதென்றால் உடனே கராஜுக்கு ஓட வேண்டாம். முதலில் நாமே பார்ப்போம்.

காற்றே வரவில்லையா? பியூஸைப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே அம்பியர் அளவுள்ளதைப் போடுங்கள். கம்பி சுற்றினால் தீப்பிடிக்கலாம். உச்ச வேகத்தில் மட்டும் காற்று வந்தால், பெரும்பாலும் விசிறியின் தடையி எரிந்திருக்கும்.

காற்று வந்தும் சூடில்லையா? எஞ்சினை நன்கு ஆறவிட்டு றேடியேற்றர் நீரைப் பாருங்கள். நீர் சரியென்றால், ஒருவர் ஹீற்றர் பிடியை நகர்த்த, மற்றவர் சுடுநீர் வால்வைக் கவனிக்கட்டும். பழைய வான்களில் இரண்டையும் இணைப்பது ஒரு கேபிள்தான். வால்வு அசையாவிட்டால் அது கழன்றிருக்கலாம். மாட்டிக் கிளிப்பால் இறுக்குங்கள். அறுந்திருந்தால் மாற்றவேண்டும்.

ஏசியின் பியூஸையும் சுவிச்சையும் நாமே பார்க்கலாம். வாயுக் குழாயைக் கழற்றக்கூடாது. ஏசி காற்றின் ஈரத்தை எடுக்கும், ஹீற்றர் கண்ணாடியைச் சூடாக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் மங்கல் விரைவில் விலகும்.

மழைக்காலம் தொடங்குமுன் ஒரு பகற்பொழுதில் இவற்றைப் பார்த்துவைப்போம். இருட்டில், பாதிவழியில் நின்று தேடுவதைவிட அது மேல்.