சீனரின் ஓவியச் சிலேடை

ஒரு சொற்றொடர் இருபொருள் பயந்து நிற்பதைச் சிலேடை என்றும் இரட்டுறமொழிதல் என்றும் அணிநூலார் வழங்குவர். பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் அடக்கிய காளமேகப் புலவரை அறியாத தமிழ் மாணவர் இலர். இவ்வணி செவிவழிப் புகுந்து இன்பம் பயப்பது. அதனைச் சொல்லின்றி வெறும் ஓவியத்தாற் செய்துகாட்டல் இயலுமா என்று வினவுவோர் சீன தேசத்தை நோக்குதல் வேண்டும். அந்நாட்டில் ஓவியச் சிலேடை பன்னூறாண்டுப் பழமையுடையது. ஓவியப் பயிற்சி யாதும் பெறாத இளைஞர் இந்நூற்றாண்டிற் கணினியில் வெட்டியும் ஒட்டியும் ஆக்கும் நகைப்படங்கள் பலவற்றுக்கும் அதுவே உயிராய் நிற்கின்றது.

இதற்குக் காரணம் சீன மொழியின் ஒலியமைப்பே. பொதுச் சீனத்தில் வழங்கும் அசைகள் ஏறத்தாழ 400. தொனி வேறுபாடுகளைச் சேர்த்தெண்ணினும் 1,300 அளவிலேயே நிற்கும். பல்லாயிரம் எழுத்துக்கள் இச்சிறு தொகையைத் தமக்குட் பகிர்ந்துகொள்வதால், ஒலி ஒன்றாய் எழுத்தும் பொருளும் வேறாய் நிற்பன மிகப் பல. தமிழ்ப் புலவன் சொற்களைப் பிரித்தும் சேர்த்தும் அரிதின் முயன்று பெறுவதைச் சீனன் பேச்சு வழக்கிலேயே எளிதிற் காண்கின்றான்.

வௌவாலுக்கும் நற்பேற்றுக்கும் ‘ஃபூ’ என்பதே பெயர். நம்மவர் வீட்டினுள் வௌவால் புகுவதை விரும்பார்; சீனரோ அதனை விரும்பித் தீட்டினர். சிங் அரசர் காலத்துப் (1644–1911) பீங்கான் கலங்களில் ஐந்து வௌவால்கள் பறப்பதைக் காணலாம். நீண்ட ஆயுள், செல்வம், நலவாழ்வு, அறத்தின்பாற் பற்று, நல்ல இறுதி என்னும் ஐம்பேறுகளை அவை குறிப்பன. மீனுக்கும் மிகுதிக்கும் பெயர் ‘யூ’. தியன்ஜின் நகரை அடுத்த யாங்லியூசிங் என்னும் ஊரில் அச்சிடப்பட்ட புத்தாண்டுப் படங்களிற் கொழுத்த குழந்தையொன்று பெரிய மீனைத் தழுவியிருப்பது, ஆண்டுதோறும் மிகுதி உண்டாகுக என்னும் வாழ்த்தேயாம்.

இவற்றுள் மிக நயமுடையது குதிரைமேற் குரங்கு இருக்கும் படம். ‘மா ஷாங்’ என்பது ‘குதிரையின் மேல்’ எனவும் ‘உடனே’ எனவும் பொருள்படும். குரங்குக்கும் பிரபுப் பதவிக்கும் பெயர் ‘ஹோ’. எனவே அப்படத்தைப் பெற்ற அதிகாரி, தாம் விரைவிற் பிரபுவாக வாழ்த்தப்பட்டதை உணர்ந்து மகிழ்வார். சீனம் அறியாதவன் காண்பது குதிரையையும் குரங்கையும் மட்டுமே. கண்டதன் பெயரை வாயாற் சொல்லிப் பார்க்குமளவும் படம் ஊமையாகவே இருக்கும்.

2014 ஆம் ஆண்டு சனவரி 31 இற் குதிரையாண்டு பிறந்தபோது இப்பழைய விளையாட்டு கணினியிற் புத்துயிர் பெற்றது. குதிரையின் முதுகிற் பணத்தாளை ஒட்டி ‘உடனே பணம்’ என்றனர். மணமாகாத இளைஞர் இரண்டு யானைகளை ஏற்றினர். காதற்றுணையைக் குறிக்கும் ‘டுய்ஸியாங்’ என்னுஞ் சொல்லை அசை பிரித்து நோக்கின், ‘இணை’, ‘யானை’ என வருதலே காரணம். ஓவியத் திறன் என்று இவற்றிற் சொல்லத்தக்கது சிறிதே. எனினும் அரசவைக் கலைஞன் கையாண்ட இலக்கணமே இங்கும் பிழையின்றிப் பின்பற்றப்படுகின்றது.

வாழ்த்தாக இருந்தது வேறொரு பணிக்கும் உதவியது. அதிபர் ஹூ ஜிந்தாவ் காலத்தில், 2004 முதலாக, ‘இணக்கமான சமுதாயம்’ என்பது ஆட்சியின் முழக்கமாயிற்று. இணையத்திலே தணிக்கைக்கு இரையான எழுத்துக்களை மக்கள் ‘இணக்கம் செய்யப்பட்டன’ என்று எள்ளலாயினர். அச்சொல்லுந் தடைப்பட, அதனோடு தொனியில் மட்டும் சிறிது வேறுபடும் ‘ஹெஸியெ’ என்னும் ஆற்று நண்டு அதனிடத்தைப் பிடித்தது. அந்நண்டுக்கு மூன்று கைக்கடிகாரங்களையும் அணிவித்தனர். முன்னைத் தலைவர் ஜியாங் ஸெமின் 2000 இல் வெளியிட்ட ‘மூன்று பிரதிநிதித்துவங்கள்’ என்னுங் கொள்கை ‘ஸான் கெ டாய்பியாவ்’ எனப்படும். மூன்று கடிகாரம் அணிதல் ‘டாய் ஸான் கெ பியாவ்’. இரு தலைவரின் முழக்கங்களும் ஒரு நண்டிலே அடங்கின. 2009 இல் நண்டுக்குப் பகையாக உலாவிய ஒரு விலங்கின் பெயரோ கொடிய வசைச்சொல்லோடு ஒலியொத்தது. அதனை மாணவர் மலரில் விளக்குதல் தகாது.

இச்சிலேடையின் பயன் வெறும் நகையன்று. தணிக்கைப் பொறி எழுத்தைத் தேடுவது. ஒலியொத்த பிறிதோர் எழுத்து அதன் கண்ணிற்குத் தப்பும். படத்திலோ எழுத்தே இல்லை. நண்டை வரைந்தவனை வினவின், நண்டை வரைந்தேன் என்பான், அது பொய்யுமன்று.

ஓவியர் ஐ வெய்வெய் தொழில்முறைக் கலைஞரேயாயினும் இந்நண்டைப் பயில்முறையாளரிடமே கடன்கொண்டார். ஷாங்காயில் அவர் புதிதாகக் கட்டிய கலைக்கூடத்தை இடிக்க ஆணை பிறந்தபோது, 2010 நவம்பர் 7 இல் அங்கே ஆற்று நண்டு விருந்தொன்றை அறிவித்தார். அவர் பீஜிங்கிலே வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். நூற்றுக்கணக்கானோர் அவரின்றியே கூடி நண்டுண்டனர். 2011 சனவரியிற் கட்டிடம் இடிக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்பிரலில் அவரும் சிறைப்பட்டு 81 நாள் இருந்தார். பின்னர் அவர் காட்சிக்கு வைத்த பீங்கான் நண்டுகள் 3,000 அளவின.

2014 நவம்பரில் ஒலிபரப்பையும் திரைப்படத்தையும் மேற்பார்க்கும் அரசுத் திணைக்களம், மரபுத்தொடர்களைச் சொல்விளையாட்டாகத் திரிப்பதை நிகழ்ச்சிகளிலும் விளம்பரங்களிலும் விலக்கியது. சிறுவர் பிழையான மொழி கற்பர் என்பது காட்டிய காரணம். ‘சிறிதும் தாழ்க்கலாகாது’ என்னுந் தொடரின் முதலெழுத்தை மாற்றி ‘இருமல்’ எனப் படிக்கச்செய்த மருந்து விளம்பரம் எடுத்துக்காட்டாயிற்று. ஆசிரியர் சிலர்க்கு இக்காரணம் உடன்பாடாகலாம். ஆனால் வௌவாலையும் மீனையும் வாழ்த்தாகக் கொண்ட நாட்டில் எதனை மரபென்பது, எதனைத் திரிபென்பது?

தணிப்போரும் சீனரே, படத்தைச் சொல்லிப் பார்த்தால் அவருக்கும் விளங்கும். ஆகவே ஒரு படம் நெடுங்காலம் ஒளிந்திருத்தல் இயலாது. அது பிடிபடுமுன் வேறொன்று பிறக்கும். 2018 இல், தமக்கு நேர்ந்த பாலியற் கொடுமைகளை வெளியிட்ட பெண்கள் உலகெங்கும் வழங்கிய ‘மீ டூ’ என்னுந் தொடரை அங்கே எழுதத் தடை நேர்ந்தது. சீனத்தில் அரிசி ‘மி’, முயல் ‘டூ’. பெண்கள் கைத்தொலைபேசிப் படக்குறிகளுள் இரண்டை எடுத்து அருகருகே இட்டனர்: ஒரு கிண்ணம் சோறு, ஒரு முயலின் முகம்.